தரவேட்டின் வடிவமாற்றம்

சொற்களைத் திரட்டுவோர், அவற்றை இட்டுவைக்கும் பாத்திரத்தின் வடிவத்தை முதல் நாளிலேயே முற்ற அறிந்துவிடுதல் அரிது. திரட்டுமுன் இருந்த அறிவு வேறு. திரட்டியபின் வரும் அறிவு வேறு. அச்சிட்ட அகராதியாயின் இவ்விடர்ப்பாடு ஒருவாறு தீர்ந்துபோகும். பிழை கண்டவிடத்து அடுத்த பதிப்பில் திருத்துவர். விடுபட்டவற்றை அநுபந்தமாகச் சேர்ப்பர். சென்னைச் சர்வகலாசாலையார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனுக்கும் பின்னர் ஓர் அநுபந்தத் தொகுதி வேண்டியிருந்ததன்றோ? இக்காலத்திலோ சொற்றொகுப்பாளர் பெரும்பாலும் கணினியிலேயே தொகுக்கின்றனர். அங்கே ஏடு முற்றுப்பெறுவதில்லை. உள்ளே சரக்கு இருக்கும்பொழுதே பாத்திரத்தின் வடிவை மாற்றவேண்டி நேர்கின்றது. இங்ஙனம் மாற்றும் முறையினையும், அதற்குத் துணைசெய்யும் சிறு கருவி யொன்றினையும் பற்றி ஈண்டுச் சில கூறுவோம்.

தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நம் வகுப்பினர் சிலர் கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களிலே மீனவர் வழங்குஞ் சொற்களைத் திரட்டிவருகின்றோம். காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், வலையின் உறுப்புக்கள், கட்டுமரத்தின் உறுப்புக்கள், மீன்வகைகள் என்றிவை. இயந்திரப் படகும் நைலான் வலையும் வந்தபின் இவற்றுட் பல இளைஞர் வாயில் வழங்குவதில்லை, முதியோரே அறிவர். நமக்குச் சொன்ன முதியோருள் இருவர் இன்று உயிரோடில்லை. அவர்கள் சொன்ன சில சொற்களுக்கு நமது ஏட்டையன்றி வேறு சான்று நாமறிந்தமட்டில் இல்லை. ஆகையால் வடிவத்தை மாற்றும்பொழுது ஒரு வரி தவறினும் அதனை மீண்டும் கேட்டெழுத இயலாது. இது காரணமாகவே நாம் இப்பொருளைக் கற்கலாயினோம்.

முதற்கண், தரவேடு என்பது யாதெனக் கூறுவோம். தரவுத்தளம் என்று பலர் வழங்குவதையே இக்கட்டுரையில் தரவேடு என்கின்றோம். கணக்கப்பிள்ளையின் பேரேட்டைப் போல, மேலே தலைப்பிட்ட பத்திகளும், அவற்றைக் குறுக்கே கடந்துசெல்லும் வரிகளும் உடைய அட்டவணைகளின் தொகுதியே அது. இவ்வமைப்பிற்கு அடிப்படையான கொள்கையை வகுத்தவர், ஐ.பி.எம். கம்பெனியிற் பணிபுரிந்தவரும் இங்கிலாந்திற் பிறந்தவருமாகிய எட்கர் கோட் என்பார். 1970-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையே இத்துறைக்கு மூலநூல் போல்வது. தரவேட்டை ஆளும் மென்பொருள்கள் பல. அவற்றுள் நாம் கையாளுவது எஸ்க்யூலைட் எனப்படும். ரிச்சர்டு ஹிப் என்னும் அமெரிக்கர் 2000-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். எவரும் விலையின்றி எடுத்தாளலாம். முழுத் தரவேடும் ஒரே கோப்பாக இருத்தல் இதன் சிறப்பு. நம் கைப்பேசிகளுள்ளும் இதுவே மறைந்துநின்று வேலைசெய்கின்றது.

நாம் தொடங்கியபொழுது ஏட்டில் ஒரே அட்டவணை. சொல், பொருள், ஊர், சொன்னவர், நாள் என ஐந்து பத்திகள். அப்பொழுது அது போதியதாகவே தோன்றிற்று. பின்னர், ஒலியைப் பதிந்து வைத்தாலன்றி உச்சரிப்பு விளங்காது என்று ஆசிரியர் ஒருவர் கூற, ஒலிப்பதிவின் பெயரைக் குறிக்க ஆறாவது பத்தி வேண்டிற்று. இது எளிய மாற்றமே. ஒரு பத்தியைச் சேர்ப்பதால் முன்னிருந்த வரிகளுக்குத் தீங்கில்லை.

அடுத்து வந்ததே கடினம். 'கச்சான்' என்னுஞ் சொல்லை ஓரூரிற் கேட்டபொழுது மேல்காற்று என்றனர். மற்றோரூரில் தென்மேல்காற்று என்றனர். ஐந்து பத்தி ஏட்டிலே 'கச்சான்' என்பதை இரண்டு வரிகளாக எழுதினால் இரண்டு சொற்கள் போலத் தோன்றும். ஒரே வரியில் எழுதினால் எந்தப் பொருள் எவ்வூர்க்குரியது, எவர் வாய்மொழி என்பது மயங்கும். ஆகவே ஓர் அட்டவணையை இரண்டாகப் பிரித்தல் இன்றியமையாததாயிற்று. ஒன்றிற் சொற்கள் மாத்திரம், ஒவ்வொன்றும் ஒருமுறையே, தத்தமக்குரிய எண்ணோடு இருக்கும். மற்றொன்றில் பதிவுகள் இருக்கும். இன்ன எண்ணுள்ள சொல், இன்ன பொருளில், இன்ன ஊரில், இன்னாரால், இன்ன நாளிற் சொல்லப்பட்டது என்று. சொல்லையும் பதிவையும் இணைக்கும் கயிறு அவ்வெண்ணே.

இதனை எல்லாம் ஒருவர் உட்கார்ந்து கையால் மாற்றிவிடலாகாதோ எனின், ஆகும், கோப்பு ஒன்றேயாயின். நம்முள் மூவர் வெவ்வேறு ஊர்களுக்குச் செல்வதால் ஏட்டின் பிரதிகள் மூன்று. ஒருவர் தம் கோப்பில் பத்தியைச் சேர்த்து மற்றவர்க்குச் சொல்ல மறந்தாலும், மற்றொருவர் அதே பத்தியை வேறு பெயரிட்டுச் சேர்த்தாலும், பிரதிகள் வேறுபட்டுப்போம். ஒரே நூலின் ஏட்டுச்சுவடிகள் காலப்போக்கிற் பாடபேதம் அடைவதை நாம் வகுப்பிற் படிக்கின்றோம். 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்கள் சுவடிகளை ஒப்புநோக்கப் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. அங்கே பேதம் பாடத்தில். இங்கே பேதம் ஏட்டின் எலும்புக்கூட்டில். அதுவும் இரக்கமற்ற வகையில் வெளிப்படும். நிரல் தான் எதிர்பார்த்த பத்தியைக் காணாதாயின், அப்படியொரு பத்தி இல்லை என்று ஒரு வரி கூறி நின்றுவிடும். அதற்குக் காரணம் யார், எப்பொழுது, எதை மாற்றினார் என்று தேடிக்கொண்டிருத்தல் வேண்டும்.

இதற்குக் கணினியாளர் கண்ட பரிகாரம் மிக எளிது. ஏட்டின் வடிவத்தை நேரே சென்று மாற்றுதல் கூடாது. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு சிறு நிரலாக எழுதி, வரிசைப்படுத்தி வைத்தல் வேண்டும். இவ்வாறு எழுதிய மாற்றத்தை ஆங்கிலத்தில் மைக்ரேஷன் என்பர். இடம்பெயர்தல் என்பது அச்சொல்லின் பொருள். ஏடு ஒரு வடிவத்தினின்று மற்றொரு வடிவத்திற்குப் பெயர்கின்றது என்னுங் கருத்துப் போலும். நாம் இதனைப் 'படி' என்போம். படி என்பதற்குப் பிரதி என்றும் பொருளுண்டாதலின், மயக்கம் நேராவண்ணம் இக்கட்டுரையிற் பிரதியைப் பிரதி என்றே எழுதுகின்றோம். முதற்படி வெற்றுக் கோப்பில் அட்டவணையை உண்டாக்கும். இரண்டாம் படி ஒலிப்பதிவுப் பத்தியைச் சேர்க்கும். மூன்றாம் படி அட்டவணையை இரண்டாகப் பிரிக்கும். எந்தப் பிரதியும் இப்படிகளை முறையே ஏறிவருமாயின் ஒரே வடிவத்தை அடைந்தே தீரும்.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. ஒரு பிரதி எத்தனையாம் படியில் நிற்கின்றது என்பதை யார் அறிவார்? மனிதர் நினைவை நம்பலாகாது. தனித்தாளிற் குறித்துவைத்தால் தாளும் கோப்பும் பிரிந்துபோம். தான் ஏறிவந்த படியைக் கோப்பே தன்னுள் எழுதிவைத்திருத்தல் வேண்டும். இம்முறையின் உயிர்நிலை இதுவே என்பது நமது துணிபு. எஸ்க்யூலைட்டில் இதற்கென ஓர் இடம் முன்னமே ஒதுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் 100 பைட்டு அளவுள்ள தலைப்பகுதி ஒன்றுண்டு. அதில், சுழியிலிருந்து எண்ணினால், 60-ஆம் இடந்தொட்டு நான்கு பைட்டுகள், கோப்பையுடையார் தம் விருப்பம்போல் ஓர் எண்ணை எழுதிக்கொள்ள விடப்பட்டுள்ளன. 'யூசர் வெர்ஷன்' என்பது அதன் பெயர். புதிய கோப்பில் அது சுழியாக இருக்கும். நிரல் தொடங்கும்போதெல்லாம் அவ்வெண்ணைப் படித்து, அதற்கு மேற்பட்ட படிகளை மாத்திரம் ஒவ்வொன்றாக நிகழ்த்தி, நிகழ்த்தியதன் எண்ணை அங்கே எழுதிவிட்டால் வேலை முடிந்தது. பைதன் மொழியில் இருபது வரிக்குள் இதனை எழுதலாம். சிறு முயற்சிகளுக்கு இதற்குமேல் ஒன்றும் வேண்டுவதில்லை.

ஆனால் படிகளை எழுதுவோர் பலராயின் எண்முறையில் ஒரு முட்டுப்பாடு உண்டு. கடற்கரைக்குச் சென்ற ஒருவரும், விடுதியில் இருந்த ஒருவரும், ஒருவர் செய்ததை மற்றவர் அறியாமல் ஆளுக்கொரு மூன்றாம் படியை எழுதிவிடலாம். முதல்வருடைய கோப்பு 'மூன்று' என்று காட்டும். பின் இருவர் படிகளையும் ஒன்றுசேர்த்தால், மற்றவருடைய மூன்றாம் படி முன்னமே நிகழ்ந்துவிட்டதாக எண்ணி நிரல் அதனைத் தாண்டிப்போய்விடும். பேர்போன நிரலாளர்க்கும் இவ்விடர் நேர்ந்ததே. ரெயில்ஸ் என்னும் புகழ்பெற்ற தொகுதியில் 2005-ஆம் ஆண்டளவில் ஒன்று, இரண்டு என எண்ணிட்ட படிகளே இருந்தன. 2008-இல் வந்த 2.1 பதிப்பில் அவ்வெண்களை விடுத்து, படி எழுதப்பட்ட ஆண்டு, திங்கள், நாள், நாழிகையையே எண்ணாகக் கொள்ளும் முறைக்கு மாறினர். எவ்வெப்படிகள் நிகழ்ந்தன என்று தனித்தனியே குறித்துவைக்கவும் தலைப்பட்டனர்.

இங்கேதான் சிறு நிரற்றொகுதி யொன்றின் துணை பயன்படுகின்றது. 'லைப்ரரி' என்று கணினியாளர் சொல்வது புத்தகசாலையை அன்று. பிறர் எழுதிவைத்து நாம் எடுத்தாளத்தக்க நிரல்களின் தொகுதியை. நாம் பயிலுவது எஸ்க்யூலைட்-மைகிரேட் என்பது. ஜாங்கோ என்னும் பெருந்தொகுதியை முதற்கண் ஆக்கியோருள் ஒருவராகிய சைமன் வில்லிசன் இதனை இயற்றினார். மிகச் சிறியது, ஒரு மாலைப்பொழுதில் முழுதும் படித்துவிடலாம். இதில் ஒவ்வொரு படியும் ஒரு பைதன் செயற்கூறு. அதன் தலைமேல் ஓர் அடையாளக் குறியை இட்டுவிட்டால், தொகுதி அதனைத் தன் வரிசையிற் சேர்த்துக்கொள்ளும். நிகழ்ந்த படிகளின் பெயரையும், நிகழ்ந்த நேரத்தையும், தரவேட்டினுள்ளேயே தனி அட்டவணை யொன்றில் எழுதிவைக்கும். பெயர் அங்கே இல்லையாயின் படியை நிகழ்த்தும், இருந்தால் விட்டுவிடும். எனவே மேற்கூறிய இரண்டு மூன்றாம் படிகளும் வெவ்வேறு பெயருடையனவாயின் இரண்டும் நிகழும்.

இதனாலும் முற்றத் தீர்ந்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒரு பிரதியில் முதலில் அவர் படியும் பிறகு இவர் படியும், மற்றொன்றில் மாறியும் நிகழலாம். இரண்டும் ஒரே பத்தியைத் தொடுவனவாயின் முடிவு வேறுபடும். ஜாங்கோவில் 2014-ஆம் ஆண்டு 1.7 பதிப்பு முதலாகவும், அலெம்பிக் என்னும் தொகுதியிலும், ஒவ்வொரு படியும் தனக்கு முந்திய படி இன்னது என்று சொல்லும். ஒரே படிக்கு இரண்டு வாரிசுகள் தோன்றினால் அவை உடனே கண்டு தடுக்கும். பெரிய அலுவலகங்களுக்கு அது தக்கது. மூவர் உள்ள கூட்டத்திற்கு, படி எழுதுமுன் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளுதலே போதுமென நாம் கருதுகின்றோம்.

படிகளைப் பைதன் மொழியில் எழுதுவதால் தமிழர்க்குத் தனிப்பட்ட ஒரு நன்மை உண்டு. 'கொண்டல்' என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம், கீழ்காற்றின் பெயர். இதன் முதலெழுத்தைக் கணினி இருவகையாக எழுதிவைக்கலாம். ககரத்தின்பின் ஒகரக் குறியை ஒரே குறியாக வைத்தல் ஒன்று. எகரக்குறியாகிய கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகத் தனித்தனி வைத்தல் மற்றொன்று. யூனிகோடு இரண்டையும் ஒப்புக்கொள்கின்றது. கண்ணுக்கு யாதொரு வேறுபாடும் தோன்றாது. ஆனால் எஸ்க்யூலைட் பைட்டுகளை ஒப்பிடுவதாதலின் அவற்றை இரண்டு சொற்களென்றே கொள்ளும். ஒருவர் கைப்பேசியிலும் மற்றொருவர் வேறு விசைப்பலகையிலும் தட்டெழுதினால் இவ்வாறு நேர்தல் கூடும். 'கொண்டல்' இரண்டு வரிகளாக நிற்கும். தேடுவார்க்கு ஒன்றே அகப்படும். மற்றதன்கீழ் உள்ள பதிவுகள் இருந்தும் இல்லாதவையே. நமது நான்காம் படி இதனைச் சீர்செய்வதாகும். எல்லாச் சொற்களையும் என்.எஃப்.சி. என்னும் ஒருமித்த ஒழுங்கிற்குக் கொணர்தற்குப் பைதனில் ஆயத்தமான கருவி உண்டு. எஸ்க்யூலைட்டின் ஆணைமொழியில் தன்னளவில் அத்தகையது இல்லை. ஒழுங்குபடுத்தியபின் ஒன்றான சொற்களுள் ஒன்றை நிறுத்தி, மற்றதன் பதிவுகளை அதற்கு மாற்றி, பின்னரே அம்மற்றதை நீக்கல் வேண்டும். மாற்றுமுன் நீக்கினாற் பதிவுகள் அநாதையாகிவிடும், அன்றேல் அவையும் உடன்நீங்கும்.

ஐந்தாம் படி, இனி ஒரு சொல் இருமுறை எழுதப்படலாகாது என்னும் விதியை அட்டவணையிலேயே பொறித்தல். எளிதாகத் தோன்றும் இப்படியே மிகவும் அஞ்சத்தக்கது. ஆகையாற் சிறிது விரித்துரைப்போம். எஸ்க்யூலைட் அட்டவணையை மாற்றும் ஆணைகளை மிகக் குறைவாகவே தருவது. பத்தியின் பெயரை மாற்றும் ஆணை 2018-இல்தான் வந்தது. பத்தியை நீக்கும் ஆணை 2021-இல் வந்தது. இருமுறை எழுதலாகாது என்னும் விதியைத் தனிச்சுட்டி யொன்றாற் சேர்க்கலாமெனினும், வெற்றிடம் ஆகாது, இன்ன எல்லைக்குட்பட்டிருத்தல் வேண்டும் என்பன போன்ற விதிகளையும் உடன்சேர்த்து அட்டவணையைச் செம்மையாக்க விரும்புவோர்க்குப் பழைய வழியே உற்றது. புதிய வடிவில் வேறு பெயரோடு ஓர் அட்டவணையை உண்டாக்குதல், பழையதிலுள்ள வரிகளை அதில் எழுதுதல், பழையதை அழித்தல், புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுதல். இம்முறைமை மாறலாகாது. பழையதற்கு முதலில் வேறு பெயரிட்டால், அதனைச் சுட்டும் பிற அட்டவணைகளும் அப்பெயரையே பின்பற்றிச் சென்று, அழியப்போவதைப் பற்றிக்கொண்டு நிற்கும்.

இனி அபாயம் யாதெனின், பதிவு அட்டவணை சொல் அட்டவணையைச் சார்ந்தது. ஒரு சொல்லை நீக்கினால் அதன் பதிவுகளும் உடன்நீங்குக என்று நாம் விதித்திருக்கலாம். சாதாரணமாய் அது நல்ல விதியே. ஆனால் இச்சார்பு விதிகள் நடைமுறையில் இருக்கையில் சொல் அட்டவணையை அழித்தால், எஸ்க்யூலைட் முதலில் அதிலுள்ள வரிகளை யெல்லாம் நீக்குவதாகக் கொள்ளும். அதனோடு பதிவுகளும் நீங்கும். புதிய அட்டவணையிற் சொற்கள் எல்லாம் இருக்கும். பொருளும், ஊரும், சொன்னவர் பெயரும் ஒருங்கே போயிருக்கும். யாதொரு பிழையறிவிப்பும் வாராது. ஆகையால் இப்படியைத் தொடங்குமுன் 'ஃபாரின் கீஸ்' என்னும் விதியை நிறுத்திவைத்தல் வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பரிவர்த்தனை தொடங்கியபின் அவ்வாணையைக் கொடுத்தால் அது பயன்படாது. பயன்படவில்லை என்றுஞ் சொல்லாது. தொடங்குமுன்னரே கொடுத்தல் வேண்டும். முடிந்தபின், சார்புகள் அறுபடவில்லை என்பதைச் சோதிக்கும் ஆணையால் உறுதிப்படுத்திக்கொண்டு, மீண்டும் விதியை நடைமுறைக்குக் கொணர்தல் வேண்டும். இவ்வேலைகளைத் தொகுத்துச் செய்யும் கருவி, வில்லிசனுடைய எஸ்க்யூலைட்-யூட்டில்ஸ் என்னும் மற்றொரு தொகுதியில் உண்டு. அதனை எடுத்தாளுவார்க்கும் உள்ளே நிகழ்வது இன்னதென்ற அறிவு வேண்டும்.

பரிவர்த்தனை என்றோம். அதனை விளக்காது விடலாகாது. பல ஆணைகளை ஒரு கட்டாகக் கட்டி, எல்லாம் நிறைவேறினால் நிலைபெறுக, ஒன்று தவறினும் ஒன்றுமே நிகழாததுபோல் ஆகுக என்று சொல்லுதலே பரிவர்த்தனை. மூன்றாம் படியில் அட்டவணை பிரிக்கப்பட்டு, வரிகளிற் பாதி எழுதியதும் மின்சாரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டுக்குள் நிகழ்ந்ததாயின் கோப்பு இரண்டாம் படியிலேயே குறைவின்றி நிற்கும். கட்டில்லையாயின் அது எந்தப் படியிலும் இல்லாத ஒன்றாகிவிடும். எஸ்க்யூலைட்டும் போஸ்ட்கிரெஸும் அட்டவணையின் வடிவமாற்றத்தையும் இக்கட்டுக்குள் அடக்கவல்லன. மைஎஸ்க்யூஎல் அங்ஙனம் அன்று. வடிவத்தை மாற்றும் ஆணை வந்தவுடன் அதுகாறும் நிகழ்ந்தவற்றை நிலைபெறச் செய்துவிடும். படி நிகழ்ந்தது என்னுங் குறிப்பையும் அதே கட்டுக்குள் எழுதுதல் முக்கியம். வேலை நிகழ்ந்து குறிப்பு விடுபட்டால் அடுத்தமுறை அப்படி மறுபடியும் நிகழத் தலைப்படும். பைதன் கையாளுவோர்க்கு ஓர் எச்சரிக்கை: பல ஆணைகளை ஒருசேர நிறைவேற்றும் 'எக்ஸிக்யூட்ஸ்கிரிப்ட்' என்பது, திறந்திருக்கும் பரிவர்த்தனையை முதலில் முடித்துவிட்டே வேலைதொடங்கும். கட்டுக்குள் இருக்கின்றோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். கட்டு முன்னமே அவிழ்ந்திருக்கும். எந்தத் தொகுதியை எடுத்தாளினும், இடையில் வேண்டுமென்றே தவறும் படி ஒன்றை எழுதி, கோப்பு பழைய நிலையில் நிற்கின்றதா எனச் சோதித்தறிதல் நன்று.

ஒருமுறை பிறர் கோப்பில் நிகழ்ந்துவிட்ட படியைத் திருத்தலாகாது. அதிற் பிழை கண்டால் அதனைச் சரிசெய்யும் புதிய படியையே எழுதல் வேண்டும். ஏனெனில், நிகழ்ந்த கோப்பு அதனை மறுபடியும் படிக்காது. நிகழாத கோப்போ திருத்திய வடிவத்தைப் படிக்கும். பாடபேதம் மீண்டும் உண்டாகும். ஃப்ளைவே என்னும் தொகுதி ஒவ்வொரு படியின் எழுத்துக்களையும் கூட்டிய சரிபார்ப்பெண்ணைக் குறித்துவைத்து, பின்னர் யாரேனும் அதனைத் திருத்தியிருந்தால் மேற்செல்ல மறுத்துவிடும்.

ஏறிய படியினின்று இறங்குதற்கும் நிரல் எழுதல் வேண்டுமென்பர் சிலர். பல பெருந்தொகுதிகள் அதற்கு இடந்தருகின்றன. நாம் பயிலும் சிறுதொகுதியில் அது இல்லை. இல்லாமை ஒரு குறையெனத் தோன்றவில்லை. பத்தியைச் சேர்த்ததினின்று இறங்கலாம். ஆனால் ஒரு பத்தியை நீக்கியபின் இறங்குவதென்றால் வெறும் பத்தி திரும்பிவருமேயன்றி அதிலிருந்த எழுத்துக்கள் திரும்பிவாரா. ஆகையால் ஒவ்வொரு முறையும் படியேறுமுன் முழுக்கோப்பையும் பிரதிசெய்து வைப்பதே உண்மையான பாதுகாப்பு. நிரல் கோப்பைத் திறந்து வைத்திருக்கையில் அதனை வெறுமனே நகலெடுத்தல் தகாது. சில பதிவுகள் பக்கத்திலுள்ள துணைக்கோப்பில் இருக்கக்கூடும். 2019 முதல் எஸ்க்யூலைட்டில் உள்ள 'வேக்யூம் இன்டு' என்னும் ஆணை பழுதற்ற பிரதியை வேறொரு பெயரில் எழுதித்தரும். பிரதிசெய்தபின் வரிகளை எண்ணிக்கொள்ளலும், படியேறியபின் மறுபடி எண்ணலும் நம் வழக்கம். பதிவுகளின் தொகை எப்படியிலும் குறையலாகாது. சொற்களின் தொகை நான்காம் படியில் மாத்திரம் குறையலாம், அதுவும் ஒன்றுசேர்த்த இரட்டைகளின் அளவே.

இனி ஆறாம் படி ஒன்று எழுதப்படவேண்டி நிற்கின்றது. சொன்னவர் பெயரைப் பொதுப்பார்வைக்கு வைத்தல் முறையா என்னும் வினா எழுந்தது. சில குடும்பத்தார் பெயர் வேண்டாவென்றனர். ஆகவே அப்பத்தியையே நீக்கிவிட்டு எண்ணொன்றை இடலாம் என்று முதலிற் கருதினோம். ஆனால் இப்பொழுது நம்மிடையே இல்லாத முதியவர்களுள் ஒருவர், ஒலிப்பதிவின் முடிவில், "எம் பேரையும் சேத்து எழுதிக்கோ மக்கா" என்று சொல்லியிருக்கின்றார். அப்பெயரை நீக்கும் ஆணையை எழுத நமக்கு மனமில்லை. நீக்கியபின் மீட்கும் வழியும் இல்லை. எனவே பெயர்ப்பத்தியை அப்படியே நிறுத்தி, 'வெளியிட இசைவு' என்னும் புதிய பத்தியைச் சேர்த்து, இசைவு பெறாதவிடத்துப் பெயர் வெளியே தோன்றாதவாறு செய்வதென முடிவாயிற்று. பத்தியைச் சேர்ப்பது ஒரே ஆணை. அதிலே 'ஆம்' என்றோ 'அன்று' என்றோ எழுதுவதற்கு ஊர் ஊராய்ச் சென்று கேட்டல் வேண்டும். அது கோடை விடுமுறை வேலையாக வைக்கப்பட்டுள்ளது.